யார் பாட்டை யார் பாடுவது?

பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவக் குப்பங்களில் திருவிழா, திருமணம், காதுகுத்து என்று எந்த விசேஷம் நடந்தாலும் இப்போது ஒரு ஸ்பீக்கரும் இரண்டு மைக்குகளும் வந்துவிடுகின்றன. கைப்பேசியில் கரோக்கி ட்ராக்கைப் போட்டால் பாடகரின் குரல் இல்லாத வெறும் இசை ஒலிக்கிறது. குரலைக் கொடுப்பவர்கள் ஊர்க்காரர்கள். ஜப்பானின் கோபே நகரில் 1971-இல் தைசுகே இனோயே என்பவர் உருவாக்கிய கருவியிலிருந்து பரவிய இந்தப் பழக்கம், இன்று ஏரிக்கரை வரை வந்து, பள்ளிக்கூடத்துக்குள்ளும் நுழைந்திருக்கிறது. ஆண்டு விழா, குழந்தைகள் தினம், 2022-23 கல்வியாண்டு முதல் நம் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவுக்கான பயிற்சி என்று பல இடங்களில் மாணவர்கள் பாடிப் பழகுவது கரோக்கியை வைத்துத்தான்.

இதில் யாரும் எழுதி வைக்காத ஒரு விதி இருக்கிறது. ஆண் பாடகர் பாடிய பாட்டை மாணவன் பாட வேண்டும், பாடகி பாடியதை மாணவி பாட வேண்டும் என்பதே அது. சித்ரா பாடிய பாட்டை ஒரு பையன் எடுத்தால், "பொம்பளப் பாட்டு பாடுறான்டா" என்று பின்வரிசையிலிருந்து சிரிப்பு வரும். எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடியதை ஒரு பெண் எடுத்தால், "உனக்கு வேற பாட்டே கிடைக்கலையா?" என்ற கேள்வி வரும். சில நேரம் அந்தக் கேள்வி ஆசிரியர் பக்கமிருந்தே வருகிறது.

கேலியோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ட்ராக்கின் சுருதி பிள்ளையின் குரலுக்குப் பொருந்துவதில்லை. பாடத் தொடங்கியதும் குரல் எட்டவில்லை, அல்லது உடைகிறது. "எனக்குப் பாட வராது" என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. ஐந்தாம் வகுப்பு வரை வாய் நிறையப் பாடிய பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் உதட்டைக்கூட அசைக்காமல் நிற்பதற்கு இந்த இரண்டும் முக்கியமான காரணங்கள். இரண்டையும் சரிசெய்ய இசை ஆசிரியர்தான் வேண்டும் என்பதில்லை. எந்தப் பாட ஆசிரியரும் செய்யலாம்.

குரலின் அளவு

பேசும்போது நம் குரல்வளையில் உள்ள குரல் நாண்கள் அதிர்கின்றன. வளர்ந்த ஆணுக்கு நொடிக்கு ஏறத்தாழ 120 முறையும், பெண்ணுக்கு ஏறத்தாழ 200 முறையும் அதிரும். ஆணின் நாண்கள் நீளமானவை, தடிமனானவை. அதனால் மெதுவாக அதிர்ந்து தாழ்ந்த ஒலி தருகின்றன. வீணையில் தடித்த தந்தி தாழ்ந்தும் மெல்லிய தந்தி உயர்ந்தும் ஒலிப்பது போலத்தான் இதுவும்.

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளிடம் இந்த வேறுபாடு அநேகமாக இல்லை. மூன்றாம் வகுப்புச் சிறுவனின் குரல் நாணும் சிறுமியின் குரல் நாணும் ஏறத்தாழ ஒரே அளவுதான். இருவர் குரலும் பேச்சில் நொடிக்கு 250 முதல் 300 அதிர்வுகளை ஒட்டியே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யார் குரல் என்று பல நேரம் பிரித்துச் சொல்ல முடியாது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. எட்டு வயதுப் பையனின் குரல் அளவுக்கு நெருக்கமாக இருப்பது பாடகி பாடிய பாட்டுத்தான். ஆண் பாடகரின் ட்ராக்கை அப்படியே போட்டால், பல்லவியின் கீழ்ச் சுரங்களில் அவன் குரல் காணாமல் போகும். ஒரு ஸ்தாயி மேலே ஏற்றிப் பாடினால், சரணத்தில் கத்த வேண்டியிருக்கும். "பையனுக்கு ஆண் பாட்டு" என்ற விதி தொடக்கப் பள்ளியில் பையனுக்கே பொருந்தாத விதி.

திரைத்துறை இதை அறிந்தே நடந்துகொண்டது. 1960-இல் வெளிவந்த 'களத்தூர் கண்ணம்மா' படத்தில் சிறுவன் கமல்ஹாசனுக்குப் பின்னணி பாடியவர் எம்.எஸ்.ராஜேஸ்வரி. அந்தப் பாட்டைக் கேட்டு உருகியவர்கள் யாரும், பையனுக்குப் பெண் குரலா என்று கேட்கவில்லை.

மகரக்கட்டு

பன்னிரண்டு வயதுக்கு மேல் பையன்களின் குரல்வளை வேகமாக வளர்கிறது. குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. இறங்கும் காலத்தில் அது நிலையாக இருப்பதில்லை. ஒரு வரியில் அப்பா குரல், அடுத்த வரியில் தம்பி குரல். இந்த உடைவைத்தான் நாடக உலகில் 'மகரக்கட்டு' என்றார்கள். பெண் பிள்ளைகளின் குரலும் இந்த வயதில் சற்றே இறங்குகிறது. சில நேரம் காற்றுக் கலந்து ஒலிக்கிறது. மாற்றம் சிறிது என்பதால் நாம் கவனிப்பதில்லை.

சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து 'பாய்ஸ் கம்பெனி' நாடகங்களில் பெண் வேடம் போட்டுப் பாடியவர்கள் சிறுவர்கள். பிற்காலத்தில் நடிகர் திலகம் என்று போற்றப்பட்ட சிவாஜி கணேசன் சிறுவனாகச் சீதை வேடம் போட்டவர். அந்தக் கம்பெனிகளில் குரல் உடைவது ஒரு பையனின் பிழைப்பையே பாதிக்கும் நிகழ்வு. நம் வகுப்பறையில் பிழைப்பு ஒன்றும் போய்விடாது. ஆனால் தன்னம்பிக்கை போய்விடும். குரல் உடையும் மாதங்களில் ஒரு பையனை எல்லோர் முன்னும் பாட வைத்துச் சிரிக்கவிட்டால், அதற்குப் பிறகு அவன் பாடுவதே அரிது.

இந்தக் காலத்தில் பாட்டை நிறுத்த வேண்டியதில்லை, பாட்டின் எல்லையைக் குறுக்கினால் போதும். ஐந்தாறு சுரங்களுக்குள் அடங்கும் நாட்டுப்புற மெட்டுகள் ஏற்றவை. கடற்கரை ஊர்களின் அம்பாப் பாட்டு இதற்கு நல்ல வழிகாட்டி. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் "ஏலேலோ" என்று சேர்ந்து வாங்கிக்கொள்ளும் அமைப்பு அது. உடைந்த குரலும் கூட்டத்தோடு சேர்ந்து ஒலிக்கும். யாரையும் தனியே காட்டிக் கொடுக்காது.

கட்டைக் கணக்கு

சுருதியைச் சொல்லத் தமிழில் 'கட்டை' என்ற எளிய அளவு இருக்கிறது. ஆர்மோனியத்தில் முதல் வெள்ளைக் கட்டையை 'ச' என்று வைத்தால் ஒரு கட்டைச் சுருதி. ஐந்தாவது வெள்ளைக் கட்டையை வைத்தால் ஐந்து கட்டை. இடையில் வரும் கருப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை என்று எண்ணப்படும். கச்சேரி மேடையில் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டையிலும், பெண்கள் நாலரை முதல் ஆறு கட்டையிலும் பாடுவார்கள். இது பொதுவான வழக்கம், விதி அன்று. எஸ்.ஜி.கிட்டப்பா ஆணாக இருந்தும் மிக உயர்ந்த சுருதியில் பாடியே புகழ் பெற்றார்.

கருப்பும் வெள்ளையும் சேர்த்து எண்ணினால் ஒரு கட்டையிலிருந்து ஐந்து கட்டைக்கு ஏழு படிகள். ஓர் ஆண் பாடிய பாட்டை வளர்ந்த பெண் எடுக்கும்போது நான்கு முதல் ஏழு படி வரை ஏற்ற வேண்டி வருவதும், பெண் பாடியதைக் குரல் உடைந்து நிலைபெற்ற பையன் எடுக்கும்போது அதே அளவு இறக்க வேண்டி வருவதும் இதனால்தான். கரோக்கிச் செயலிகள் பலவற்றில் சுருதியை மாற்றக் கூட்டல், கழித்தல் பொத்தான்கள் உள்ளன. ஒரு முறை அழுத்தினால் பெரும்பாலும் ஒரு படி மாறும். நிறைய படி மாற்றினால் கருவிகளின் ஒலி இயல்பு கெடும். அப்போது ட்ராக்கை விட்டுவிட்டு, சுருதிப் பெட்டியோ தாளமோ மட்டும் வைத்துப் பாடச் சொல்லலாம். கேட்கவும் நன்றாக இருக்கும்.

எத்தனை படி என்பதைக் கணக்குப் போட்டுத் தேட வேண்டாம். ட்ராக் இல்லாமல் பாட்டின் மிக உயர்ந்த வரியையும் மிகத் தாழ்ந்த வரியையும் பிள்ளையைப் பாடச் சொல்லுங்கள். கழுத்து நரம்பு புடைக்காமல் மேல் வரியும், காற்றாகிவிடாமல் கீழ் வரியும் வரும் இடமே அந்தப் பிள்ளையின் சுருதி. ட்ராக்கை அங்கே கொண்டுவந்து வையுங்கள். பாட்டுக்காகப் பிள்ளையின் தொண்டையை இழுக்கக் கூடாது. பிள்ளைக்காகப் பாட்டை நகர்த்த வேண்டும்.

பாட்டில் பேசுவது யார்?

சுருதி சரியான பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும். "என் மனசு அவனைத் தேடுது" என்ற பொருளில் வரும் வரியை ஒரு பையன் எப்படிப் பாடுவான்? 'அவளை' என்று மாற்றிவிடலாமா?

தமிழாசிரியர்களுக்கு இதில் விடை சொல்வது எளிது. சங்க அகப்பாடல்களை 'தலைவி கூற்று', 'தோழி கூற்று', 'செவிலி கூற்று' என்று கூற்றுப் பிரித்துத்தான் நடத்துகிறோம். கபிலர் ஆண். ஆனால் அவர் குறுந்தொகையில் தலைவியாகவும் தோழியாகவும் பேசுகிறார். பெரியாழ்வார் யசோதையாக நின்று கண்ணனைக் கொஞ்சுகிறார். குலசேகர ஆழ்வார் கௌசல்யையாகி இராமனுக்குத் தாலாட்டுப் பாடுகிறார், தேவகியாகிப் புலம்புகிறார். மாணிக்கவாசகரின் திருவெம்பாவை முழுவதும் பெண்களின் பேச்சு. பாரதி கண்ணனைக் காதலனாக்கித் தான் பெண்ணாகிறான், கண்ணம்மாவைக் காதலியாக்கி மீண்டும் ஆணாகிறான். பாடுபவரும் பாட்டில் பேசுபவரும் வேறு வேறு என்பது தமிழ்க் கவிதையின் பழைய பாடம்.

திரைப்பாட்டிலும் அதே கதைதான். 1992-இல் வந்த 'ரோஜா' படத்தில் மின்மினி பாடிய, கிராமத்துப் பெண்ணின் ஆசைகளைச் சொல்லும் பாட்டை எழுதியவர் வைரமுத்து, இசையமைத்தவர் ஏ.ஆர்.ரகுமான். சிறந்த பாடலாசிரியருக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. 'பெண் பாட்டு' என்று நாம் பெயர் வைக்கும் அந்தப் பாட்டின் சொல்லும் மெட்டும் ஆண்களிடமிருந்து வந்தவை. அதை ஒரு பையன் பாடக் கூடாது என்பதற்குக் காரணம் ஏது?

எனவே சொல்லை மாற்ற வேண்டாம். மாற்றினால் எதுகை குலையும், சில இடங்களில் பொருளும் குலையும். "இந்தப் பாட்டில் பேசுவது யார்? யாரிடம் பேசுகிறார்? எந்த மனநிலையில்?" என்ற மூன்று கேள்விகளைப் பாடுவதற்கு முன் கேளுங்கள். பிள்ளைக்குப் பாவம் பிடிபடும். கூற்று என்றால் என்ன என்பது தமிழ்ப் பாடத்துக்கும் கிடைத்த லாபம்.

மேடையில் முன்னே நடந்தவர்கள்

கேலி செய்யும் வகுப்புக்குச் சொல்ல நல்ல கதைகள் நம்மிடம் உண்டு. 1935-இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்துப் பாடியவர் கே.பி.சுந்தராம்பாள். 1941-இல் வந்த 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்துப் பாடியவர் எம்.எஸ்.சுப்புலட்சுமி. டி.கே.சண்முகம் ஔவையார் வேடத்தில் பெற்ற புகழால் 'ஔவை சண்முகம்' என்றே அழைக்கப்பட்டார். இவர்களில் யாருடைய பெருமையும் இதனால் குறையவில்லை.

இந்தக் கதைகளைக் கேலி நடக்கும்போது எடுத்தால் அறிவுரையாகிவிடும். பாட்டுத் தேர்வுக்கு முந்தைய வாரமே சாதாரணமாகச் சொல்லி வையுங்கள். இன்னொன்றும் மனத்தில் இருக்கட்டும். ஒரு பையன் பெண் குரலில் வந்த பாட்டை விரும்புவதை வைத்து அவன் இயல்பு இன்னதென்று முடிவு கட்டுவது நம் வேலை அன்று. வீட்டுக்குச் சொல்லி அனுப்புவதும் நம் வேலை அன்று. அம்மா அடிக்கடி முணுமுணுக்கும் பாட்டு என்பதுகூட அவன் அதைத் தேர்ந்தெடுத்த காரணமாக இருக்கலாம்.

வகுப்பில் செய்யக் கூடியவை

முதலில் பாட்டைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். பாடியவர் ஆணா பெண்ணா என்ற கேள்வியை நாம் எழுப்ப வேண்டாம். பொருள் வயதுக்குப் பொருந்துகிறதா என்பதை மட்டும் பார்ப்போம்.

ஒன்று முதல் ஐந்து வரை, எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே சுருதி போதும். ஆண் ஆசிரியர்கள் தங்கள் தாழ்ந்த குரலில் பாடிக் காட்டும்போது குழந்தைகள் தடுமாறினால், ஒரு மாணவியையோ மாணவனையோ முதல் அடி எடுத்துக் கொடுக்கச் சொல்லலாம்.

ஆறு முதல் ஒன்பது வரை, சுருதியைப் பருவத்துக்கு ஒரு முறையாவது சோதித்துப் பார்ப்பது நல்லது. ஜூனில் பொருந்திய ட்ராக் ஜனவரியில் பொருந்தாமல் போகலாம். அப்படிப் போனால், "உன் குரல் வளர்கிறது" என்று காரணத்தைச் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் பல பையன்களைக் காப்பாற்றும்.

இருகுரல் பாட்டுக்கு ஒரு பையன், ஒரு பெண் என்று தேட வேண்டியதில்லை. இரண்டு மாணவிகளோ இரண்டு மாணவர்களோ பங்கிட்டுப் பாடலாம். ஒரே சுருதிக்குள் ஆண் மேலே ஏறியும் பெண் கீழே இறங்கியும் பாட வேண்டிய தொல்லையும் இதனால் குறையும்.

பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்குப் 'பாடு' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் தெரியும். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று மீனவர்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்கு அங்கே பாடு என்றுதான் பெயர். முறை வந்தவர் தன் வலையோடு இறங்கலாம், மற்றவர் வழிவிட வேண்டும். வகுப்பறைப் பாட்டுக்கும் இந்த நியாயம் போதும். முறை வந்த பிள்ளை தனக்குப் பிடித்த பாட்டோடு, தன் குரலுக்குப் பொருந்திய சுருதியில் எழுந்து நிற்கட்டும். மற்றவர்கள் சிரிக்காமல் கேட்கும்படி பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.