கிதாப் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலச் சொல் கடினமா?



தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் பலர் முதல் ஆண்டிலேயே தடுமாறுகிறார்கள். பாடம் புரியாததால் அல்ல. வினாத்தாளில் ‘இவால்யுவேட்’, ‘இன்டர்ப்ரெட்’, ‘ஜஸ்டிஃபை’ என்று வந்தால், என்ன எழுதச் சொல்கிறார்கள் என்பதே பிடிபடுவதில்லை. விடை தெரிந்தும் மதிப்பெண் போய்விடுகிறது.

இதற்காகத் தடித்த சொற்பட்டியல் புத்தகத்தை வாங்கி மனப்பாடம் செய்யுமாறு நாங்கள் சொல்லமாட்டோம். ‘ஏ’ எழுத்தைத் தாண்டுவதற்குள் அது பரணுக்குப் போய்விடும்.

மக்தபில் ஓதிய பிள்ளைக்கு வேறு வழி ஏற்கெனவே பழக்கம். காஃப், தா, பா என்ற மூன்று எழுத்துகளுக்குள் ‘எழுதுதல்’ என்ற பொருள் இருக்கிறது. அதிலிருந்து கிதாப் என்றால் நூல், காதிப் என்றால் எழுதுபவர், மக்தூப் என்றால் எழுதப்பட்டது. மக்தப் என்ற பெயரும் அதே குடும்பம்தான்.

லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொற்களும் இப்படியே குடும்பமாக வாழ்கின்றன. எழுதுவதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது ‘ஸ்க்ரிப்ட்’. கையால் எழுதியது மேனுஸ்க்ரிப்ட். கல்லில் பொறித்தது இன்ஸ்க்ரிப்ஷன். மருந்து வாங்குமுன் மருத்துவர் எழுதித் தருவது ப்ரிஸ்க்ரிப்ஷன். யூடியூபில் நாள் முழுக்கக் காதில் விழும் ‘சப்ஸ்க்ரைப்’ கூட, கீழே பெயர் எழுதி ஒப்புக்கொள்வது என்ற பொருளில் தொடங்கியதுதான். ஒரு வேர் தெரிந்தால் ஐந்தாறு சொற்கள் கைக்கு வரும். ஆனால் வேரை வைத்து ஊகித்த பொருளை அகராதியில் ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும். சில சொற்கள் காலப்போக்கில் வெகுதூரம் நகர்ந்துவிட்டன.

எந்தக் குடும்பங்களை முதலில் கற்பது? நியூசிலாந்து ஆய்வாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. துறை எதுவானாலும் உயர்கல்வி நூல்களில் திரும்பத் திரும்ப வருபவை அவை. மேலே சொன்ன மூன்று வினாச் சொற்களும் அதில் உண்டு. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நாளுக்கு மூன்று குடும்பம் என்றால் 190 நாட்களில் முடியும், இன்ஷா அல்லாஹ். ஒவ்வொரு சொல்லையும் பாடநூலில் அது வரும் வாக்கியத்தோடு நோட்டில் எழுதி, மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் பார்க்க வேண்டும்.

ஆங்கிலம் அறியாத தாய்மாரும் இதில் உதவலாம். இஷாவுக்குப் பிறகு, “இன்றைய மூன்று சொல் என்ன? தமிழில் சொல்” என்று கேளுங்கள். பிள்ளை தமிழில் சொல்லத் திணறினால், அந்தச் சொல் நாளைய கணக்கிலும் இருக்கட்டும்.