பனியில் ஒரு பரீட்சை

எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். சுருட்டினால் தலையணை உறைக்குள் அடங்கிவிடும். உள்ளே படுத்தால் 5 டிகிரிக் குளிரையும் தாங்கும். இப்படி அச்சிட்ட சீட்டுடன் 'ஸ்லீப்பிங் பாக்' என்னும் படுக்கைப் பை ஒன்று சென்ற மார்கழியில் என் கைக்கு வந்து சேர்ந்தது. சுதேசிச் சரக்கு என்றும் சீட்டில் கண்டிருந்ததில் எனக்கு அற்ப சந்தோஷம்.

எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருபது பேரைத் தை மாதத்தில் நீலகிரிக்கு அழைத்துப் போய், ஓர் இரவு கூடாரத்தில் தங்கவைப்பதாக ஏற்பாடு. பிறர் பெற்ற பிள்ளைகளை ஒரு கடைச் சீட்டை நம்பிப் பனியில் கிடத்த எனக்குத் துணிவு வரவில்லை. முதலில் நாமே படுத்துப் பார்ப்போம் என்று தீர்மானித்தேன்.

உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேகம் இருந்தால் அது பூமிக்கு ஒரு போர்வை. மேகமில்லாத மார்கழி இரவுகளிலோ, பூமி தன் உஷ்ணத்தையெல்லாம் ஆகாயத்துக்குத் தானம் செய்துவிடும். விடியும்போது பள்ளத்துப் புல்வெளிகள் வெளுத்துக் கிடக்கும். அப்படிப்பட்ட ஓர் இரவில், நண்பர் ஒருவருடைய காரட் தோட்டத்து ஓரத்தில் பையை விரித்தேன். நண்பரின் தாயார் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் தம்பி, வீட்டிலே கட்டில் இல்லையென்றா தரையிலே படுக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, இரண்டு சாக்குகளையும் ஒரு பழைய கம்பளியையும் அருகில் வைத்துவிட்டுப் போனார். நான் அவற்றைத் தொடவில்லை. பரீட்சையில் காப்பியடிக்கலாமா?

பை தானாக உஷ்ணத்தை உண்டாக்குவதில்லை. உஷ்ணம் நம் உடம்பினுடையது. அதை வெளியே விடாமல் காப்பது பஞ்சின் இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்று. இந்தப் பையிலிருந்தது பாலியெஸ்டர் பஞ்சு. 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்ஸன் என்ற இருவர் காப்புரிமை பெற்ற செயற்கை இழையே அது. வாத்தின் மெல்லிறகு அடைத்த பை இதைவிட லேசானது, கதகதப்பும் அதிகம். ஆனால் நனைந்தால் இறகு துவண்டு ஒட்டிப்போகும். செயற்கைப் பஞ்சு நனைந்தாலும் ஓரளவு காக்கும், சீக்கிரம் உலரும். மூடுபனி நிறைந்த மலையில், அதுவும் பிள்ளைகள் கையில், இதுவே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

பத்து மணிக்கு உஷ்ணமானி 8 டிகிரி காட்டியது. சுகமாகத் தூங்கினேன். ஒரு மணிக்கு முதுகில் யாரோ ஈரத்துணியை விரித்தாற்போல் விழிப்பு வந்தது. மார்பிலும் வயிற்றிலும் குளிரே இல்லை. முதுகும் இடுப்பும் மாத்திரம் விறைத்திருந்தன. டார்ச் விளக்கைப் பொருத்திப் பார்த்தேன், 4 டிகிரி. சற்று யோசித்ததும் காரணம் விளங்கிற்று. உடம்பின் பாரத்தால் அடிப்பக்கத்துப் பஞ்சு நசுங்கிவிட்டது. அங்கே காற்றுக்கு இடமில்லை. ஈரமண் என் உஷ்ணத்தை நேரே உறிஞ்சிக்கொண்டிருந்தது.

வெட்கத்தை விட்டுச் சாக்குகளைக் கீழே பரப்பி, கம்பளியை நான்காய் மடித்து அவற்றின்மேல் போட்டேன். காதுவரை குல்லாயை இழுத்துக்கொண்டேன். கால்மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. ஐந்து மணிக்கு 2 டிகிரி, புல்லெல்லாம் வெள்ளை. நானோ தாயார் காப்பியுடன் வந்து எழுப்பும்வரை தூங்கினேன்.

ஊர் திரும்பியதும் விசாரித்தேன். இத்தகைய பைகளைச் சோதிக்கச் சர்வதேச விதி ஒன்று இருக்கிறதாம். சூடேற்றிய ஒரு பொம்மையைப் பைக்குள் வைத்துக் குளிரறையில் கிடத்துகிறார்கள். அதிலிருந்து சுகமாக உறங்கக்கூடிய குளிர், ஒருவர் முடங்கிப் படுத்துச் சமாளிக்கக்கூடிய குளிர், உயிருக்கே அபாயமான குளிர் என்று தனித்தனியே கணக்கிடுகிறார்கள். என் சீட்டில் இருந்த 5 இவற்றில் எது என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. இன்னொன்று: அந்தப் பொம்மைக்கு நீண்ட உள்ளாடை உண்டு, காலுறை உண்டு, அடியில் மெத்தைப் பாயும் உண்டு!

பெற்றோருக்கு அனுப்பிய அறிவிப்பில் பையுடன் தடித்த நுரைப்பாய், குல்லாய், உலர்ந்த காலுறை இரண்டு ஜோடி என்று சேர்த்து எழுதினேன். உஷ்ணமானி 5 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கூடாரத்தை விட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுவது என்றும் குறிப்பிட்டேன். "பைதான் இருக்கிறதே, பாய் வேறு எதற்கு?" என்று இரண்டு தகப்பனார்கள் கேட்டு வந்தார்கள். அவர்களை உட்காரவைத்துப் பொம்மையின் கதையைச் சொன்னேன்.