ஓவன் இல்லாம கேக்: அரையாண்டு லீவுக்கு ஒரு கிச்சன் பாடம்

டிசம்பர் கடைசி, அரையாண்டு லீவு. திருவண்ணாமலைல ரமணாசிரமம் பக்கம் இருக்கறவங்களுக்கு இந்த மாசம் எப்படி இருக்கும்னு தெரியும். தீபத்துக்கு வந்த கூட்டம் கலைஞ்சிருக்கும். மார்கழி புனர்பூசத்துல ரமண ஜெயந்தி வரும். செங்கம் ரோட்டுல வெளிநாட்டுக்காரங்க நடமாட்டம் அதிகமா இருக்கும், அவங்களுக்காக இருக்கற கஃபேக்கள்ல கண்ணாடிக்குள்ள கேக் வரிசையா உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துட்டு வர்ற எங்க அக்கா பசங்க கேக்கற கேள்வி ஒண்ணுதான்: "மாமா, நம்ம வீட்ல ஏன் இதைப் பண்ண முடியாது?"

வீட்ல ஓவன் இல்ல. முட்டை உள்ள வராது. பேக்கிங் பவுடர் கிடையாது. ஆனா பண்ணலாம். ஒரே ஒரு விஷயம் புரிஞ்சா போதும்: ரெசிபில இருக்கற ஒவ்வொரு பொருளும் ஒரு வேலை செய்யுது. அந்த வேலை என்னன்னு தெரிஞ்சா, அதே வேலையைச் செய்யற வேற பொருளைத் தேடிக்கலாம். நம்ம ஐடி பாஷைல சொன்னா, டிபெண்டென்சியை மாத்தறோம். என்ன வேலைன்னு தெரியாம மாத்தினா கேக் கல்லாகும். சில சமயம் கையும் சுடும். அதான் இன்னைக்கு எபிசோட்.

1883ல ஒரு மாத்து

கேரளாவுல தலசேரில மம்பள்ளி பாபுன்னு ஒரு பிஸ்கட் பேக்கரிக்காரர் இருந்தார். அஞ்சரக்கண்டில இலவங்கப்பட்டைத் தோட்டம் வெச்சிருந்த மர்டாக் பிரவுன், 1883ல இங்கிலாந்து கேக் ஒண்ணை அவர்கிட்ட குடுத்து, "இதே மாதிரி பண்ண முடியுமா?"ன்னு கேட்டதா சொல்வாங்க. கேக்குக்குப் பிராந்தி வேணும். பாபு அதுக்குப் பதிலா முந்திரிப்பழமும் வாழைப்பழமும் ஊற வெச்ச உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்தார். அதைத்தான் இந்தியாவோட முதல் கிறிஸ்துமஸ் கேக்னு இன்னைக்கும் தலசேரில பெருமையா சொல்றாங்க. கைல இருக்கறதை வெச்சு மாத்தினது அன்னைக்கே ஆரம்பிச்சிருக்கு.

இட்லி வெள்ளை, கேக் பழுப்பு: ஏன்?

ஓவனோட வேலை என்ன? காய்ஞ்ச சூட்டை நாலு பக்கமும் சமமா குடுக்கறது. தண்ணி 100 டிகிரில கொதிக்குது, அதனால ஆவில வேகற இட்லி 100 டிகிரியைத் தாண்டாது. குக்கர்ல விசில் போட்டு அழுத்தம் ஏத்தினாலும் 120 பக்கம்தான். மேல் பகுதி பழுப்பாகி, அந்த பேக்கரி வாசனை வர 140 டிகிரிக்கு மேல வேணும். கேக்கை வழக்கமா 170, 180ல வேக வைப்பாங்க. அதனால பாத்திரத்துக்குள்ள தண்ணி ஊத்தக் கூடாது.

தண்ணிக்குப் பதிலா அடில ஒரு இஞ்ச் உயரத்துக்குக் கல் உப்பு. உப்பு உருக 800 டிகிரி வேணும், நம்ம அடுப்புல அது நடக்காது. அடுப்போட சூடு நேரா கேக் டின் அடில தாக்காம, உப்பு அதை வாங்கிப் பரவலா குடுக்கும். உப்பு மேல ஒரு ஸ்டாண்டு, அது மேல டின். அந்த உப்பை ஒரு டப்பால போட்டு வெச்சா அடுத்த கேக்குக்கும் ஆகும், குழம்புக்கு ஆகாது.

குக்கர் எடுத்தீங்கன்னா கேஸ்கெட்டும் வெயிட்டும் கண்டிப்பா கழட்டணும். காய்ஞ்ச சூட்டுல ரப்பர் கெட்டுப்போகும், கேக்ல இருந்து வர்ற ஆவி வெளிய போகவும் வழி வேணும். தண்ணி இல்லாம சூடு பண்றதால குக்கரே பாழாகலாம். அதனால தினமும் சமைக்கற குக்கரை விட, நல்லா மூடற அடி கனமான பழைய பாத்திரம்தான் என் சாய்ஸ்.

உப்ப வைக்கறது யாரு?

முட்டைக்கு ரெண்டு வேலை: மாவைப் பிடிச்சு நிறுத்தறது, உப்ப வைக்கறது. பிடிக்கற வேலையைக் கோதுமைல இருக்கற குளூட்டன் பார்த்துக்கும். உப்பற வேலையை ஆப்ப சோடாவும் தயிரும் பார்த்துக்கும். சோடா காரம், தயிர் புளிப்பு. ரெண்டும் சேர்ந்தா கார்பன் டைஆக்சைடு வரும். பேக்கிங் பவுடர் டப்பாவுக்குள்ள இருக்கறதும் சோடாதான், கூடவே ஒரு காய்ஞ்ச அமிலம், கொஞ்சம் ஸ்டார்ச். புளிப்பு பத்தாம சோடாவை மட்டும் கூட்டினா கேக்ல சோப்பு ருசி வரும்.

கேழ்வரகுல குளூட்டன் கிடையாது. அதை மட்டும் போட்டா உதிரும், அதான் கோதுமையோட கலக்கறோம். சர்க்கரைக்குப் பதிலா, கார்த்திகைக்கு வாங்கி மிச்சமான வெல்லம். இதெல்லாம் நமக்குப் புதுசும் இல்ல. வெல்லம், மாவு, வாழைப்பழம்னு கார்த்திகை அப்பமே இந்தக் குடும்பம்தான்.

அளவு

கோதுமை மாவு 1 கப், கேழ்வரகு மாவு அரை கப், பொடிச்ச வெல்லம் முக்கால் கப், தயிர் முக்கால் கப், ஆறின பால் அரை கப், எண்ணெய் மூணுல ஒரு பங்கு கப், ஆப்ப சோடா அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய். பாத்திரத்தை மூடி 10 நிமிஷம் சூடு ஏத்துங்க. ஈரமானதைத் தனியா, மாவை சோடாவோட தனியா கலந்து வெச்சுட்டு, கடைசில ஒண்ணா சேர்த்து உடனே எண்ணெய் தடவின டின்ல ஊத்துங்க. சோடா தயிரைத் தொட்ட நிமிஷமே வாயு வர ஆரம்பிச்சுடும், லேட் பண்ணா அது பறந்துடும். சின்ன தீல 40ல இருந்து 50 நிமிஷம். நடுவுல ஈர்க்குச்சி குத்திப் பாருங்க, மாவு ஒட்டாம வந்தா முடிஞ்சுது.

பசங்களுக்கு என்ன வேலை?

இதுதான் முக்கியமான பகுதி. "தள்ளி நில்லு, நான் பண்றேன்"னு சொன்னா அவங்களுக்கு அது இன்னொரு யூடியூப் வீடியோ மாதிரிதான். அஞ்சு, ஆறு வயசுன்னா வெல்லம் தட்டலாம், மாவு சலிக்கலாம். எட்டு, ஒன்பது வயசுன்னா அளவெல்லாம் அவங்க பொறுப்பு. கலக்கறதும் அவங்கதான், ஆனா மாவு ஈரமானதும் நிறுத்தச் சொல்லுங்க. கலக்கக் கலக்க குளூட்டன் இறுகி கேக் ரப்பர் ஆகிடும். எங்க வீட்ல இதை "முப்பது சுத்து"ன்னு எண்ணுவோம். பசங்க வாய்விட்டு எண்ணும்போது ஒரு சுத்து கூட ஏமாத்த முடியாது.

தனியா ஒரு டம்ளர்ல கொஞ்சம் தயிரும் சோடாவும் போட்டு நுரை வர்றதைக் காட்டுங்க. எட்டாவது புத்தகத்துல அமிலம், காரம் படிக்கும்போது இது ஞாபகம் வரும்.

ரெண்டு கண்டிப்பு. ஒண்ணு, பச்சை மாவை நக்க விடாதீங்க. மாவு சூடு பண்ணாத பொருள், அதுல வயித்தைக் கெடுக்கற பாக்டீரியா இருக்கலாம். ரெண்டு, அடுப்புப் பக்கம் பெரியவங்க மட்டும். அடுப்பை அணைச்சு ரொம்ப நேரம் ஆனாலும் உப்பு கொதிச்சுக்கிட்டே இருக்கற மாதிரிதான், பார்த்தா தெரியாது. அதே காரணத்துக்காகத்தான் பொரி உருண்டையைச் சின்னப் பசங்களோட பண்ண நான் யோசிப்பேன்: வெல்லப்பாகு 100 டிகிரிக்கு மேல இருக்கும், தோல்ல பட்டா ஒட்டிக்கும்.

வர்ற கேக் கஃபே கேக் மாதிரி இருக்காது. மேல கொஞ்சம் வெடிச்சிருக்கும், வெல்ல வாசனை தூக்கலா இருக்கும். முழுசா ஆறினப்புறம் வெட்டுங்க, சூட்டுல வெட்டினா உதிரும். அந்த அரை மணி நேரம் பசங்களைச் சமாளிக்கறதுதான் இந்த ரெசிபிலேயே கஷ்டமான ஸ்டெப்.

உங்க வீட்ல எந்தப் பொருளுக்கு எதை மாத்தினீங்க, அது எப்படி வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.