மனைவியைப் பறித்த நோய்

மைசூர் சமஸ்தானத்தில் கல்வித் துறைக்குத் தலைமை வகித்தவர் ஹோர்முஸ்ஜி பாபா. அவர் மகள் மெஹர்பாய், அணு விஞ்ஞானி ஹோமி பாபாவின் அத்தை. 1898-ல் தொழிலதிபர் தோராப்ஜி டாடாவை மணந்தார். 1931-ல் ரத்தப் புற்றுநோய் அவரைப் பறித்தது. குணப்படுத்தும் மருந்து அன்று இல்லை. கோடிகள் இருந்தும் பயனில்லை.

மறு ஆண்டே தோராப்ஜி நிறுவியது லேடி டாடா நினைவு அறக்கட்டளை. வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்கு, எந்த நாட்டவரானாலும் ரத்தப் புற்றுநோயை ஆராய்பவர்களுக்கு. மீதி இந்தியாவில் நடக்கும் நோய் ஆராய்ச்சிக்கு. மெஹர்பாய் பெயரில் உள்ள இன்னொரு அறக்கட்டளை, வெளிநாட்டில் மேற்படிப்புக்குச் செல்லும் இந்தியப் பெண்களுக்கு உதவித்தொகை தருகிறது. பலனைப் பார்க்கத் தோராப்ஜி இல்லை, 1932-லேயே மறைந்தார்.

குழந்தைகளை அதிகம் தாக்கும் புற்றுநோய் இதுதான். அன்று வந்தால் பிழைப்பதில்லை. இன்றோ, முறையான சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கிறார்கள். கிடைத்தால் என்பதுதான் மிச்சமிருக்கும் கவலை.