உரிமையும் சான்றும்

ஒரு நாட்டிலே பிறந்து, அந்நாட்டிலே உழைத்து, தம் பெற்றோரை அந்நாட்டு மண்ணிலேயே அடக்கம் செய்தவர் அந்நாட்டின் பிரசையே என்று பொதுமக்கள் கருதுவது இயல்பு. சட்டம் அவ்வாறு கருதுவதில்லை. பிரசாவுரிமை என்பது மனிதனுக்கும் அரசுக்கும் இடையே சட்டம் ஆக்கித் தரும் ஓர் உறவாகும். அவ்வுறவு எவ்வாறு உண்டாகின்றது, அதனை மெய்ப்பிக்க வல்ல சான்றுகள் எவை என்பனவற்றை அறியாதவர்க்கு, உள்ள உரிமையும் இல்லாததற்குச் சமானமாகிவிடும். இதனை விளக்குதற்கு நமது மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றினும் தக்க எடுத்துக்காட்டு வேறில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிப் பயிர்ச்செய்கைக்கும், அது நோயினால் அழிந்த பின்னர் தேயிலைப் பயிர்ச்செய்கைக்குமாக, தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் பெருந்தொகையினராக இங்கு அழைத்து வரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தோர் பலர். வழியிலே நோயுற்று மடிந்தோரும் பலர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, அவர் சேர வேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் இலக்கம் பொறித்த தகரத் துண்டொன்று அவர் கழுத்திலே தொங்கவிடப்படலாயிற்று. தோட்டத்தை அடைந்ததும் அவர் பெயர் செக்ரோலில் ஏறியது. அன்றைய கூலியைக் கணக்கிடுவதற்கு அப்பதிவு போதும். அவருடைய பேரப்பிள்ளை இன்ன நாட்டவன் என்று காட்டுவதற்கு அது போதுமா என்று அக்காலத்தில் எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

அவ்வினா 1948ஆம் ஆண்டிலே எழுந்தது. அவ்வாண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, இந்நாட்டிலே பிறந்திருத்தல் மாத்திரம் போதாதாயிற்று. தந்தையும் இங்கேயே பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டியதாயிற்று. லயத்திலே பிறந்த தந்தைக்கே பிறப்புச் சான்றிதழ் இல்லாத குடும்பங்கள் எண்ணிறந்தவை. பாட்டனுக்குச் சான்றிதழ் தேடி அவர்கள் எங்கே செல்வது?

அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், பதிவின் மூலம் பிரசாவுரிமை பெற ஒரு வழியைத் திறந்தது. மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இங்கு வசித்தமையைக் காட்டுதல் வேண்டும். ஏறக்குறைய 237,000 விண்ணப்பங்கள், எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பொருட்டு அனுப்பப்பட்டன. ஆனால் உரிமை பெற்றோர் தொகை ஏறக்குறைய 134,000 மாத்திரமே. தாய்வழி உறவினரைக் காண இந்தியா சென்று நெடுநாள் தங்கியவர், தோட்டம் மாறியதால் பழைய பதிவைப் பெற இயலாதவர், படிவத்தை வாசித்து விளங்க மாட்டாதவர் எனப் பலர் சான்றின்மையால் புறத்தே நின்றனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றிருந்தனர். வாக்குரிமை பறிக்கப்பட்ட பின் நடைபெற்ற 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே அக்கட்சியினர் ஒருவரேனும் தெரிவாகவில்லை. சான்றின்மை ஒருவரது வீட்டுக் கவலையாக மாத்திரம் நின்றுவிடாது, ஒரு சமுதாயத்தின் குரலையே அடக்கிவிட்டதென்பது இதனால் விளங்கும்.

பின்னர் இரு அரசுகளும் இம்மக்களைத் தம்முட் பங்கிட்டுக்கொள்ள உடன்பட்டன. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்திடப்பட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, நாடற்றோர் எனக் கணிக்கப்பட்ட 975,000 பேருள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரைச் சரிபாதியாக ஏற்பதென 1974ஆம் ஆண்டிலே உடன்பாடு காணப்பட்டது. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றோருட் பலர் புறப்படுவதற்கு முன்னரே, 1984ஆம் ஆண்டிலே போர்ச்சூழலினால் தலைமன்னார் இராமேஸ்வரம் கப்பற் சேவை நின்றுபோயிற்று. அவர்கள் கையிலே ஒரு நாட்டின் கடவுச்சீட்டும், காலின்கீழ் மற்றொரு நாட்டின் மண்ணுமாக வாழ்ந்தனர்.

பிரசாவுரிமை இல்லாதவர்க்கு எவ்வுரிமையும் இல்லையோ எனின், அவ்வாறன்று. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பை ஊன்றி வாசிப்போர் அதன் சொல்லாட்சியிலே ஒரு வேறுபாட்டைக் காண்பர். சித்திரவதைக்கு உள்ளாகாதிருக்கும் உரிமையும், சட்டத்தின்முன் சமமாக நடத்தப்படும் உரிமையும், சட்டமுறையின்றிக் கைதுசெய்யப்படாதிருக்கும் உரிமையும் ஆட்கள் எல்லோர்க்கும் உரியன. அகதியும் அந்நியரும் அவற்றுள் அடங்குவர். பேச்சுச் சுதந்திரம், ஒன்றுகூடும் சுதந்திரம், விரும்பிய தொழிலைச் செய்யும் சுதந்திரம், நாட்டினுள்ளே நடமாடும் சுதந்திரம் முதலியன பிரசைகளுக்கே உரியன. வேறெந்நாட்டுப் பிரசையுமல்லாது இங்கு நிரந்தரமாகவும் சட்டப்படியும் வசித்தோர்க்குப் பின்னைய உரிமைகளைப் பத்தாண்டு காலத்துக்கு மாத்திரம் அவ்வரசியலமைப்பு வழங்கியிருந்தது. தவணையிட்டுத் தரப்படும் உரிமை எத்துணை நிலையற்றது என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இச்சிக்கலை அவிழ்த்தவை பிற்காலச் சட்டங்களாகும். 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம், இந்தியப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்திராதவர்களை இலங்கைப் பிரசைகளாக ஏற்றது. அவர்கள் தம் நிலையைச் சத்தியக்கடதாசி மூலம் காட்டவும் இடமளித்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இன்னும் ஒருபடி முன்சென்றது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினரும், அத்தகையோரின் வழித்தோன்றல்களாய் இங்கு வசிப்போரும் இலங்கைப் பிரசைகள் என அது விதித்தது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தோர் விசேட பிரகடனம் செய்தல் வேண்டும். ஏனையோர்க்குச் சமாதான நீதவான் முன்னிலையிற் செய்யும் பொதுப் பிரகடனமே போதும். ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர் ஆணையாளர் அலுவலகமும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் அரசுடன் கூடி நடத்திய இயக்கத்தினால், அவ்வாண்டின் இறுதியிலே பத்து நாட்களுள் ஏறத்தாழ 190,000 பேர் பிரசாவுரிமை பெற்றனர். ஐம்பத்தைந்து ஆண்டுகளாக அவிழாத முடிச்சு, மக்கள் இருக்கும் இடத்துக்குப் படிவத்தைக் கொண்டுசென்றவுடன் பெரும்பாலும் அவிழ்ந்தது.

ஆயினும் ஒரு பகுதியினர் அச்சட்டத்தின் எல்லைக்குப் புறத்தே நின்றனர். 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் தமிழகத்திலே தஞ்சம் புகுந்தோருள் மலைநாட்டுத் தமிழரும் இருந்தனர். சட்டம் இங்கு வசித்தலை வேண்டியது. அவர்களோ உயிர் காக்கக் கடல் கடந்தவர்கள். இக்குறையை நீக்குதற்கு 2009ஆம் ஆண்டிலே திருத்தம் செய்யப்பட்டது. இனி, இலங்கைப் பிரசைகளாகிய அகதிகளுக்குத் தமிழக முகாம்களிலே பிறந்த பிள்ளைகளின் நிலையும் கருதத்தக்கது. வெளிநாட்டிலே பிறந்த பிள்ளைக்கு வம்சாவளியால் உரிமை கிடைப்பதற்கு, அதன் பிறப்பை இலங்கைத் தூதரக அலுவலகத்திலோ உள்நாட்டிலுள்ள உரிய அதிகாரியிடத்திலோ பதிதல் வேண்டும். முன்னர்த் தந்தை வழியே நோக்கிய சட்டம், 2003ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின்னர்த் தாய் வழியையும் ஏற்கின்றது. ஓராண்டுக்குள் பதிவு செய்தல் முறை. தாழ்த்தியவர்கள் தக்க காரணம் காட்டி அனுமதி பெறலாம்.

சட்டம் இத்துணை இடமளித்திருக்கவும், இன்றும் இடர்ப்படுவோர் உளரோ எனின், உளர். மலைநாட்டுப் பாடசாலைகளிலே அதிபராயிருப்போர் இதனை நன்கறிவர். பிறப்புச் சான்றிதழிலே மாரியாயி, தாயின் அடையாள அட்டையிலே மாரியம்மா, சேர்வு இடாப்பிலே வேறொரு பெயர்! ஒரே பெண் மூன்று பேராக நிற்கின்றாள். சாதாரண தரப் பரீட்சை அண்மிக்கும் வரை இதனை எவரும் கவனிப்பதில்லை. அதன்பின் ஏற்படும் அலைச்சலோ பெரிது. நாட்கூலியை இழந்து நகரத்துக்குப் பலமுறை நடக்க வேண்டியவர் அப்பிள்ளையின் தாயே.

ஆகவே செய்யத்தக்கவற்றைச் சுருங்கச் சொல்லுவோம். பிறந்த பிள்ளையை 42 நாட்களுள் பதிவு செய்க. தவறியிருப்பின், காலந்தாழ்த்திய பதிவுக்குப் பிரதேச செயலகத்திலே வழியுண்டு. பெயர், திகதி ஆகியவற்றின் எழுத்துக்களைச் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே ஒப்பு நோக்குக. வாசிக்கத் தெரியாதவர் பாடசாலை ஆசிரியரிடம் காட்டுக. தேசிய அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தைக் கிராம உத்தியோகத்தர், தோட்ட அத்தியட்சகர், பாடசாலை அதிபர் ஆகியோர் அத்தாட்சிப்படுத்தலாம். சட்ட ஆலோசனைக்குப் பணமில்லாதவர் 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அரச அலுவலரால் அடிப்படை உரிமை மீறப்படின் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றை நாடுதல் வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் முறைப்பாடு செய்யலாம்.

தாத்தாவின் பிரசாவுரிமைச் சான்றிதழ், தந்தையின் பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம் ஆகிய இவற்றைப் பழங்கடதாசி என்று எறிந்துவிடல் ஆகாது. பிரதிகள் எடுத்து, மழையும் கறையானும் அணுகாத இடத்திலே வைத்தல் வேண்டும். தகரத் துண்டிலே வெறும் இலக்கமாக வந்தவரின் வழித்தோன்றல்கள் இன்று தம் பெயரோடும் வாக்கோடும் வாழ்கின்றனர். அப்பெயர் ஏட்டிலே பிழையின்றி நிலைக்கச் செய்தல் பெற்றோர்க்கும், அவர்களுக்கு வழிகாட்டும் கற்றோர்க்கும் உரிய கடனாகும்.