மருத்துவரின் அறையும் பரிசோதனைக் கூடமும்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவை அடுத்த ஆரியசாலையில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இத்தகைய கடைவீதிகளில் மருத்துவரைக் காணச் செல்லும் நாம், பக்கத்துச் சிறு அறையிலேயே இரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்புகிறோம். அவ்வறையையும் சட்டம் கட்டுப்படுத்துமா என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

கட்டுப்படுத்தும். கேரள மருத்துவ நிறுவனங்கள் பதிவு, ஒழுங்குமுறைச் சட்டம் 2018-இல் இயற்றப்பெற்று, 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தனித்து நிற்கும் கூடமாயினும், மருத்துவரது நிலையத்தின் ஒரு பகுதியாயினும், நோயறி சோதனை நடைபெறும் இடம் அதற்கு உட்பட்டதே. மாவட்ட ஆட்சித் தலைவரின் தலைமையிலுள்ள அதிகாரக் குழுவிடம் அது பதிவு பெறவேண்டும். முதலில் தற்காலிகப் பதிவு. குறைந்தபட்சத் தகுதிகள் உளவா என்று ஆராய்ந்த பின்னரே நிலையான பதிவு. தமிழ்நாட்டிலோ சட்டம் 1997-இலேயே வந்தது. விதிகள் பிறக்க 2018 ஆயிற்று!

இத்துணைக் கட்டுப்பாடு ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். சர்க்கரைச் சோதனையையே எடுத்துக்கொள்வோம். எடுத்த இரத்தத்தை அப்படியே வைத்திருந்தால், அதிலுள்ள உயிரணுக்கள் சர்க்கரையை உண்ணத் தொடங்கிவிடும். மணிக்கு நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு வரை குறையும். வெப்பம் மிகுந்தால் இன்னும் விரைவு. இதைத் தடுக்கவே ஃபுளோரைடு கலந்த குழாயில் இரத்தத்தைச் சேர்க்கின்றனர். குழாய் மாறினாலோ, காலம் கடந்தாலோ, நோயுள்ளவர்க்கு நோயில்லை என்ற தாள் கிடைத்துவிடும். அளவு தெரிந்த மாதிரியைக் கொண்டு கருவியை அன்றாடம் சரிபார்ப்பதும் இதனாலேயே.

கழிவும் சிறிய செய்தியன்று. மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி ஊசிகள் துளைபடாத வெண்ணிறப் பெட்டியிலும், பிளாஸ்டிக் குழாய்கள் சிவப்புப் பையிலும் சேரவேண்டும். இரத்த மாதிரிகளை அவ்விடத்திலேயே கிருமி நீக்கிய பின்னரே வெளியேற்றலாம். கழிவை 48 மணி நேரத்துக்குமேல் தேக்கிவைத்தல் ஆகாது. இந்திய மருத்துவச் சங்கத்தின் கேரளக் கிளை இதற்கெனப் பாலக்காட்டு மாவட்டத்தில் ஒரு பொது நிலையம் அமைத்துள்ளது.

கட்டணப் பலகை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கவேண்டுமென்பது சட்டம்; 2025 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றமும் இச்சட்டத்தை உறுதி செய்தது. தமிழில் எழுதவேண்டும் என்னும் கட்டாயமில்லை. ஆகலின் மலையாள எழுத்தறியாத நம் முதியோர் இரத்தம் கொடுக்குமுன் கட்டணத்தை வாய்விட்டுக் கேட்பதில் கூச்சம் வேண்டா.

முடிவுத் தாளின் அடியையும் பார்த்தல் நன்று. நோய்க்குறியியலில் மேற்பட்டம் பெற்ற, பதிவுபெற்ற மருத்துவரே அதில் ஒப்பமிடலாம் என உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் கூறிற்று. பின்னர் 2020-இல் மத்திய விதிகள் சிறு கூடங்களுக்குச் சற்றுத் தளர்வு தந்தன. எவ்வாறாயினும், ஒப்பத்தின்கீழ்ப் பெயரும் தகுதியும் இல்லாத தாளைக் கையில் வாங்குமுன், ஒப்பமிட்டவர் யார் என்று வினவுவது நம் உரிமை.