ஒரு பெட்டிக்குள் மூன்று சர்வர்

ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு நிறுவன அலுவலகம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். டாலி கணக்குக்கு ஒரு சர்வர், வருகைப் பதிவுக்கு ஒன்று, பில், ஆர்டர் கோப்புகளுக்கு இன்னொன்று. மூன்றும் பழையவை, பெரும்பாலான நேரம் சும்மா ஓடி மின்சாரத்தைத் தின்பவை. தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது ஒன்றின் மதர்போர்டு போனால், அதே மாடலைத் தேடி அலைய வேண்டும்.

இதற்கு மாற்று, மெய்நிகர் இயந்திரம். புதிய சர்வர் ஒன்றில் ‘ஹைப்பர்வைசர்’ என்ற மென்பொருளை நிறுவினால், அது நினைவகத்தையும் பிராசஸரையும் பங்கிட்டு, மூன்று தனித்தனிக் கணினிகளை உள்ளே ஓடவிடும். ஐபிஎம் 1972-லேயே விஎம்/370 என்ற பெயரில் இதைப் பெரிய கணினிகளுக்குக் கொண்டுவந்தது.

பழைய விண்டோஸ் சர்வரை அப்படியே உள்ளே கொண்டுவர, மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் டிஸ்க்2விஹெச்டி உதவும். ஓடிக்கொண்டிருக்கும் வட்டையே ஒற்றைக் கோப்பாக்கிவிடும். ஆனால் டாலி லைசென்ஸ் கணினியோடு பிணைந்தது. பழைய கணினியில் அதை ‘சரண்டர்’ செய்துவிட்டுப் புதியதில் உயிர்ப்பிக்க வேண்டும்.

எந்த ஹைப்பர்வைசர்? ஹைப்பர்வைசர் தயாரிப்பாளரான விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் வாங்கியபின் நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்றது, இனி சந்தாதான். சிறு நிறுவனங்கள் பல, 2008-இல் வெளிவந்த வியன்னா தயாரிப்பான பிராக்ஸ்மாக்ஸைப் பார்க்கின்றன. அதை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

ஆபத்தும் உண்டு: அந்த ஒரு பெட்டி படுத்தால் மூன்றும் படுக்கும். அதனால் இரட்டை வட்டும் தினசரி பேக்கப்பும் கட்டாயம். பேக்கப்பில் ஒரு பிரதி சாத்தூரிலோ சிவகாசியிலோ வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும்.